197 எந்தக் காரின் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்ற பழைய ஜப்பான் கார் பற்றி வந்த கட்டுரையைக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். மலேசியா, சிங்கப்பூரில் உறவு உள்ள வீடுகளில் இப்போது ‘அந்தக் கார் ஒன்று வாங்கலாமா’ என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. பழைய கார் மீது ஆசை வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கட்டுரையில் இருந்த மூன்று தவறுகள் பணத்தோடு சம்பந்தப்பட்டவை என்பதால் எழுதுகிறோம்.

‘உலகத்தில் மொத்தம் 197 கார்தான்’ என்று அச்சாகியிருந்தது. படத்தில் இருந்ததோ வேறு கார். ‘அரபு நாடுகளின் பெட்ரோல் தட்டுப்பாட்டால் உற்பத்தி நின்றது’ என்பது மூன்றாவது.

197 என்ற எண் சரி. ஆனால் அது 1973 ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்த இரண்டாம் தலைமுறை ஜிடி-ஆரின் கணக்கு. ஜப்பானில் அதற்குக் ‘கென்மெரி’ என்று செல்லப்பெயர். விளம்பரத்தில் வந்த கென், மேரி என்ற ஜோடியால் ஒட்டிக்கொண்டது. தாங்கள் படம் போட்டிருந்தது அதற்கு முந்திய பெட்டி வடிவக் கார், ‘ஹக்கோசுகா’. ஹக்கோ என்றால் பெட்டி. சுகா, ஸ்கைலைனின் சுருக்கம். அதில் நான்கு கதவு ஜிடி-ஆர் 1969 பிப்ரவரியில் வந்தது, 832 கார்கள். இரண்டு கதவுள்ளது 1970 அக்டோபரில் வந்தது, 1197 கார்கள். இரண்டையும் கூட்டினால் 2029. சில பட்டியல்களில் இதே மொத்தம் 1945 என்று நிற்கிறது. ஆகவே ‘மொத்தம் இத்தனை’ என்று ஒரே எண்ணைச் சொல்லி விலை கேட்பவரிடம், எந்த உடல், எந்த ஆண்டு என்று முதலில் கேட்க வேண்டும்.

பெட்ரோல் தட்டுப்பாட்டுக் கதை எங்கும் பரவியிருக்கிறது, தங்கள் நிருபரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தேதியைப் பார்த்தாலே அது நிற்காது. எண்ணெய்த் தடை வந்தது 1973 அக்டோபரில். கென்மெரி ஜிடி-ஆர் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதை நிறுத்தியது ஜப்பானின் 1973-ம் ஆண்டுப் புகைக் கட்டுப்பாடு. அந்த எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு வாய் என்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டைக் கார்புரேட்டர்கள் மூன்று. பந்தயத்துக்குப் பிறந்த எஞ்சின். அதைப் புதிய புகை அளவுக்குள் அடக்கி விற்பது கட்டுப்படியாகவில்லை. 1972 டோக்கியோ கண்காட்சியில் கென்மெரியின் பந்தய வடிவத்தைக் காட்டினார்கள். அது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. அதற்குப் பிறகு ஜிடி-ஆர் என்ற பெயர் திரும்பி வர 1989 ஆயிற்று.

இனி முக்கியமான விஷயம். நம் வீடுகளில் அண்டா, தூக்கு, தாம்பாளம் எதை எடுத்தாலும் விலாசம் வெட்டியிருக்கும். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக நிற்கும்; தெரிந்தவர் அதைப் படித்தே எந்த வீட்டுச் சாமான் என்று சொல்லிவிடுவார். ஜப்பான் காருக்கும் அப்படி ஒரு விலாசம் உண்டு. அது எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரில், ஃபயர்வால் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இடத்தில், வெட்டியிருக்கும். பக்கத்தில் தகடும் இருக்கும்.

அதைப் படிக்கும் விதம் எளிது. ‘சி10’ என்பது ஹக்கோசுகா உடல், ‘சி110’ கென்மெரி. முன்னால் ‘ஜி’ வந்தால் ஆறு சிலிண்டர். ‘கே’ வந்தால் இரண்டு கதவு ஹார்ட்டாப், அதாவது பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத உடல். ‘ஜி’யோடு ‘பி’யும் சேர்ந்து வந்தால்தான் எஸ்20 எஞ்சின், அதாவது உண்மையான ஜிடி-ஆர். ஆக, பி.ஜி.சி.10 நான்கு கதவு ஜிடி-ஆர், கே.பி.ஜி.சி.10 இரண்டு கதவு, கே.பி.ஜி.சி.110 கென்மெரி. ‘பி’ இல்லாமல் கே.ஜி.சி.10 என்று நின்றால், முன்னால் ஜிடி-ஆர் எழுத்து எவ்வளவு பளபளத்தாலும் அது சாதாரண 2000ஜிடி வகை. கே.எச்.ஜி.சி.110 என்றால் ‘எச்’ 2.4 லிட்டர் எல்24 எஞ்சினைக் குறிக்கும். அது ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கு டட்சன் 240கே என்ற பெயரில் ஏற்றுமதியான கார். நல்ல கார்தான், ஆனால் ஜிடி-ஆர் இல்லை. ஹக்கோசுகா, கென்மெரி ஜிடி-ஆர்களை நிசான் வெளிநாட்டில் விற்கவே இல்லை. ஆகவே கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ‘இங்கேயே புதிதாக வாங்கிய ஜிடி-ஆர்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அந்த ‘பி’ எழுத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? எஸ்20 எஞ்சின், 1966-ல் நிசானோடு இணைந்த பிரின்ஸ் நிறுவனத்தின் ஆர்380 பந்தயக் காரிலிருந்து இறங்கியது. 1989 சி.சி., ஆறு சிலிண்டர், 24 வால்வு, அவற்றைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் இரண்டு, 7000 சுற்றில் 160 குதிரைச்சக்தி. சாதாரணப் பெட்ரோலுக்கு அழுத்தம் குறைத்த வகை 155. 1969-ல் காரின் விலை 15 லட்சம் யென். ரேடியோவும் ஹீட்டரும் தனிக் காசு. இதே எஞ்சின் ஃபேர்லேடி இசட்432 காரிலும் போனது. அந்தப் பெயரே கணக்குதான்: சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம். அது ஏறத்தாழ 420 கார்கள். அதன் விலாசம் பி.எஸ்.30, அதிலும் அதே ‘பி’. நான்கு வகையையும் சேர்த்தால் எஸ்20 பொருத்தி விற்ற கார்கள் 2600 சொச்சம். எஞ்சின் போய்விட்டால் மாற்று எஞ்சின் எங்கிருந்து வரும் என்பதற்கும் இந்த எண்தான் பதில்.

ஆனால் அபூர்வம் என்பதையும் ஆபத்து என்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். டொயோட்டா 2000ஜிடி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 முதல் 1970 வரை 337 என்று டொயோட்டா கணக்கு. பழைய புத்தகங்களில் 351. அந்த உடலில் சாதாரண வகை என்று ஒன்று கிடையவே கிடையாது. யமஹாவோடு சேர்ந்து செய்த ஒரே கார். போலி செய்ய வேண்டுமானால் காரையே புதிதாகக் கட்ட வேண்டும். மஸ்தா காஸ்மோ ஸ்போர்ட்டும் அப்படித்தான்: முதல் வகை 343, இரண்டாம் வகை 833, மொத்தம் 1176. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளவுகோலை வைத்தே கண்டுவிடலாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் முதல் வகையில் 2200 மில்லிமீட்டர், இரண்டாவதில் 2350. அங்கே ஏமாற இடம் குறைவு.

ஸ்கைலைன் அப்படி இல்லை. சி10 உடலில் சுமார் 3 லட்சம் கார்கள், சி110 உடலில் 6 லட்சத்துக்கும் மேல். 197 கார்களுக்குப் பின்னால் ஆறு லட்சம் அண்ணன் தம்பிகள் நிற்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்குக் கிரில்லை மாற்றி, சக்கர வளைவை அகலப்படுத்தி, எழுத்தை ஒட்டினால் பார்வைக்கு ஜிடி-ஆர். ஜப்பானிலேயே இப்படிச் செய்த கார்கள் ஏராளம். ‘ஜிடி-ஆர் மாதிரி’ என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் தப்பே இல்லை. ஓட்டிப் பார்க்க அதுவும் சுகமான வண்டிதான். கைமாறிக் கைமாறி மூன்றாவது ஆளிடம் வரும்போது ‘மாதிரி’ உதிர்ந்துவிடுகிறது. பழம்பொருள் கடையில் மங்குச் சாமானைக் கவிழ்த்து முத்திரை பார்க்காமல் விலை பேசாத ஊர் இது. கோடிக்கணக்கில் போகும் காரைப் படத்தில் பார்த்து முன்பணம் அனுப்புவது எப்படி என்று புரியவில்லை.

நேரில் பார்க்கப் போகிறவர்கள் முதலில் வெளித்தோற்றத்தைப் பார்க்கட்டும். சாதாரண ஹக்கோசுகாவில் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடிப் பின்சக்கரத்தின் மேற்பகுதியை வெட்டிக்கொண்டு போகும். ‘சர்ஃப் லைன்’ என்பார்கள். ஜிடி-ஆரில் அகலமான டயருக்காகப் பின்வளைவை நிறுவனமே வெட்டிப் பெரிதாக்கியது, அதனால் அந்த இடத்தில் கோடு இருக்காது. நான்கு கதவுக் காரில் வெட்டிய வளைவு மட்டும். இரண்டு கதவில் பின்பக்கம் மட்டும் கறுப்பு ஓவர்ஃபெண்டர், அதாவது வளைவை அகலமாக்கும் தனி விளிம்பு, மேலே பொருத்தியிருக்கும். ஹக்கோசுகாவில் முன்பக்கமும் ஓவர்ஃபெண்டர் இருந்தால் அது பிற்பாடு செய்த வேலை. கென்மெரி ஜிடி-ஆரில்தான் முன்னும் பின்னும் நான்கிலும் உண்டு. தங்கள் இணைப்பில் வந்த படத்தில் அந்தக் கோடு முழுசாகத் தெரிகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வளைவை வெட்டியது நிறுவனமா, பட்டறையா என்பதை டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் தெரியும். வெளித்தகடும் உள்தகடும் சேரும் விளிம்பில் வெல்டிங் ஒழுங்காக, இருபக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் மாறினாலோ, கனமாகக் கருங்கலவை பூசி மறைத்திருந்தாலோ பட்டறை வேலை. அடுத்து இடைத்தூரம்: ஆறு சிலிண்டர் நான்கு கதவுக் காருக்கு 2640 மில்லிமீட்டர், ஹார்ட்டாப்புக்கு 2570. நாலு சிலிண்டர் நான்கு கதவு சி10-க்கு 2490-தான். அதன் மூக்கே குட்டை.

பிறகு பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். போலிகளில் பெரும்பாலும் சாதாரண ஸ்கைலைனின் எல்20 எஞ்சின் இருக்கும், அல்லது வேகத்துக்காக 2753 சி.சி. எல்28 மாட்டியிருப்பார்கள். எல் வகை எஞ்சினில் கேம் ஷாஃப்ட் ஒன்றுதான். காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக நிற்கும். எஸ்20-யில் ஒரு பக்கம் கார்புரேட்டர், மறுபக்கம் புகைக்குழாய். பிளக் ஆறும் இரண்டு கேம் மூடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். மூன்று கார்புரேட்டரைப் பார்த்தவுடன் எஸ்20 என்று முடிவு கட்டாதீர்கள். எல்28-க்கும் மூன்று மாட்டலாம், மாட்டுகிறார்கள். ஹக்கோசுகா ஜிடி-ஆரின் பெட்ரோல் டேங்க் 100 லிட்டர், டிக்கியைத் திறந்தாலே பெரிதாகத் தெரியும். கென்மெரி ஜிடி-ஆருக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்; ஹக்கோசுகாவுக்குப் பின்னால் டிரம்தான். இவை எல்லாம் பின்னால் மாட்டக்கூடியவை, ஆகவே ‘இருக்கிறது’ என்பது சான்றாகாது. ‘இல்லை’ என்றால்தான் விஷயம்.

கடைசியாகத் தீர்ப்புச் சொல்வது வெட்டெழுத்துத்தான். எழுத்துகளின் உயரம், இடைவெளி, அழுத்தம் ஒரே சீராக இருக்கிறதா? சுற்றிலும் பெயிண்ட் மட்டும் புதிதா? டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, அதே இடத்தை உள்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உருப்படாமல் போன உண்மை ஜிடி-ஆரிலிருந்து எண் உள்ள தகட்டுத் துண்டை வெட்டி எடுத்து, கே.ஜி.சி.10 உடலில் ஒட்டவைக்கும் வேலை உண்டு. வெளியே அரைத்து மழுப்பினாலும் உள்ளே வெல்டிங் வரி சதுரமாகக் காட்டிக்கொடுக்கும். விற்பவர் டேஷ்போர்டு பக்கம் விடமாட்டேன் என்றால் காரணம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓவர்ஃபெண்டருக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அரித்துவிடும். முன் ஸ்ட்ரட் மேற்கூடு, கதவுக்குக் கீழ்ப்படி, கால்மிதி அடித்தகடு, பேட்டரித் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி குழி ஆகிய இடங்களையும் பார்க்க வேண்டும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வளைவு முழுக்க மெதுவாக இழுத்து வாருங்கள். பிடி தளர்ந்த இடத்தில் தகடு இல்லை, பட்டிப் பூச்சு இருக்கிறது. அரிமானத்தையும் ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

காகிதத்தில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஜப்பானிய ஆர்.சி. புத்தகமான ‘ஷாக்கென்ஷோ’வில் ஆண்டு ஷோவா கணக்கில் இருக்கும், அதோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். ஷோவா 45 என்றால் 1970, ஷோவா 48 என்றால் 1973. அது முதல் பதிவு நடந்த தேதி, தயாரித்த தேதி அல்ல. கென்மெரி ஜிடி-ஆர் என்று சொல்லி ஷோவா 50 காட்டினால் விளக்கம் கேட்க வேண்டும். இரண்டாவது, கார் வகை என்ற கட்டம். அங்கே விலாசத்துக்குப் பின்னால் ‘கை’ என்று ஒலிக்கும் ஒரு ஜப்பானிய எழுத்து சேர்ந்திருந்தால், மாற்றங்கள் செய்து பதிவான கார் என்று பொருள். அந்தக் ‘கை’ இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் வகை தனிக் கட்டத்தில் இருக்கும். அதில் எஸ்20 என்றே இருக்க வேண்டும். பழைய ஜப்பான் கார்களுக்கு இப்போது நாம் காணும் 17 எழுத்து எண் கிடையாது. வெறும் விலாசமும் வரிசை எண்ணும்தான். இதை முன்கூட்டியே ஏஜெண்டிடமும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் சொல்லி வைக்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

நம் சட்டம் இங்கே தற்செயலாக வாங்குபவர் பக்கம் நிற்கிறது. 2025-ல் இறக்குமதி விதி தளர்ந்து, 50 ஆண்டு கடந்த கார்களுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. அதற்கு முன் 1950-க்கு முந்திய கார்களுக்குத்தான் அந்தச் சலுகை. ஹக்கோசுகாவும் கென்மெரியும் அதனால்தான் இப்போது பேச்சுக்கு வந்திருக்கின்றன. உரிமம் வேண்டாம் என்றால் வரி வேண்டாம் என்று அர்த்தமில்லை. வரிகள் எல்லாம் சேர்ந்து காரின் விலையையே தாண்டக்கூடும். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, எண் பலகையில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்ப்பு தவிர வேறு எதற்கும் ரோட்டில் ஓட்டக் கூடாது. அந்த விதியின் இன்னொரு நிபந்தனைதான் முக்கியம்: ஷாசி, உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். எல்28 மாட்டி வளைவை வெட்டிய கே.ஜி.சி.10 அந்த நிபந்தனையில் நிற்பது கஷ்டம். துறைமுகத்தில் வரி கட்டிய பிறகு இது தெரியவந்தால் கார் ஷெட்டில் பார்வைக்கு நிறுத்த வேண்டியதுதான்.

உண்மையான காரே கிடைத்தாலும் நம் பெட்ரோல் அதற்குப் புதிது. எஸ்20 ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின். கடினப்படுத்திய வால்வு சீட் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டு ரசீது வாங்குங்கள். இல்லாவிட்டால் சீட் தேய்ந்து வால்வு மேலேறி, இடைவெளி குறைந்து, கடைசியில் அழுத்தம் போய்விடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாயையும் கார்புரேட்டர் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களாக முழுவதும் மாற்றிய பிறகுதான் முதல் ஸ்டார்ட். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணங்களையும் வடித்துவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், 100 லிட்டர் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கும், அங்கிருந்துதான் துரு கிளம்பிக் கார்புரேட்டரின் ஜெட்டுகளை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளைகளை, அடைக்கும்.

இளைஞர்கள் கேட்பது 1989 முதல் வந்த புதுத் தலைமுறை ஜிடி-ஆர்களான ஆர்32, ஆர்34; அவற்றில் இதே விளையாட்டு வேறு விதம். ஆர்32 ஜிடி-ஆர் சுமார் 44 ஆயிரம் வந்தது, ஆனால் அதன் நிஸ்மோ வகை 560-தான். ஆர்34 மொத்தம் 11 ஆயிரத்துச் சொச்சம். அதில் கடைசியாக வந்த நூர் வகை 1003. அவை இன்னும் 50 வயதைத் தொடவில்லை, மூன்று வயதைத் தாண்டிய சாதாரணப் பழைய காரை இறக்கவும் விதி இடம் தராது. ஆகவே இப்போதைக்கு யாரும் ‘கொண்டுவந்து தருகிறேன்’ என்றால் நம்ப வேண்டாம்.

ஆசிரியர் அவர்கள் திருத்தம் வெளியிடும்போது, பழைய படத்தையே மறுபடி போட்டு, அதன் கீழே ‘இது கே.ஜி.சி.10 வகை, ஜிடி-ஆர் அல்ல. பின்சக்கரத்தின் மேல் ஓடும் கோட்டைக் காண்க’ என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். கத்தரித்து வைத்திருப்பவர்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய கார் பழுதுபார்க்கும் வாசகர்கள் சிலர்,
காரைக்குடி.